பழைய காருக்கு ரிமோட் ஸ்டார்ட்டா? அந்தக் காசைக் கிணத்து மேட்டுல போடுங்க



ஏப்ரல், மே வந்துட்டா நம்ம பக்கம் வெயில்ல நிறுத்தின காருக்குள்ள உக்கார முடியாது. ஸ்டீயரிங்கைத் தொட்டா கை சுடும். அதனால வருஷா வருஷம் சித்திரை பொறக்கும்போது ஒரே கேள்வி வரும். "சார், என் கார் 2012 மாடல். ரிமோட் ஸ்டார்ட் கிட் போட்டா வீட்டுக்குள்ள இருந்தே ஏசியை ஓட விட்டுட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போய் ஏறலாமாமே. போடலாமா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். கியர் வண்டி, அதுவும் பத்து வருஷத்துக்கு மேல ஆன வண்டின்னா போடாதீங்க. ஆட்டோமேட்டிக் வண்டின்னா சில நிபந்தனைகளோட யோசிக்கலாம். ரிமோட் ஸ்டார்ட்டர் மேல ஆசை இருந்து, தோட்டமும் இருந்தா, முதல் ரிமோட் ஸ்டார்ட்டர் உங்க பம்புசெட்டுக்குத்தான் போகணும். ஏன்னு ஒவ்வொண்ணா பாப்போம். கார் மெக்கானிக் சொல்ல வேண்டிய விஷயத்தை ஆடிட்டர் ஏன் சொல்றார்னு கேக்கலாம். இதுல கடைசியா மாட்டிக்கிறது உங்க இன்சூரன்ஸ் பாலிசி. அது என் ஏரியா.

எங்க இருந்து வந்த ஆசை இது?

2019-ல ஹூண்டாய் வெனியூ, எம்.ஜி. ஹெக்டர் மாதிரி வண்டிகள் வந்தப்போ, போன்ல இருந்தே காரை ஸ்டார்ட் பண்ற வசதி விளம்பரத்துல பெருசா வந்துச்சு. அந்த வண்டியில கம்பெனியே கியர், பிரேக், கதவு, பானட் எல்லாத்துக்கும் சென்சார் வச்சு, எல்லாம் சரியா இருந்தாத்தான் இன்ஜின் ஓடுற மாதிரி செஞ்சிருக்கு. அதைப் பாத்துட்டு, பழைய ஸ்விஃப்ட்டுக்கும் சான்ட்ரோவுக்கும் அதே வசதியைத் தர்றேன்னு கிட் வருது. ஒரு பெட்டி, நாலு ரிலே, ஒரு ரிமோட். சாவி போடுற இடத்துக்குக் கீழ இருக்கிற வயரை வெட்டி இணைப்பாங்க. நீங்க சாவியைத் திருப்பும்போது நடக்கிற வேலையை அந்தப் பெட்டி செய்யும்.

சாவியைத் திருப்புற வேலையை மட்டும்தான் அது செய்யும். திருப்புறதுக்கு முன்னாடி நீங்க செய்யுற வேலை ஒண்ணு இருக்கு. கியர் லிவரை ஆட்டிப் பாக்குறது, கிளட்சை மிதிக்கிறது. அதை யார் செய்வாங்க?

கியர்ல நிக்கிற வண்டி

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குமுளி மலைப்பாதையிலயோ போடிமெட்டுலயோ வண்டியை நிறுத்தினா, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாம ஃபர்ஸ்ட் கியரோ ரிவர்ஸ் கியரோ போட்டுட்டுத்தான் இறங்குவோம். டிரைவிங் ஸ்கூல்லயே அப்படித்தான் சொல்லிக் கொடுப்பாங்க. ரொம்ப நல்ல பழக்கம்.

அந்தப் பழக்கமும் ரிமோட் ஸ்டார்ட்டும் ஒரே வண்டியில இருக்கக்கூடாது. கியர்ல நிக்கிற வண்டிக்கு செல்ஃப் அடிச்சா வண்டி குதிக்கும். சில வண்டியில கிளட்சை மிதிச்சாத்தான் செல்ஃப் எடுக்கும்னு ஒரு சுவிட்ச் இருக்கும். ஆனா ரிமோட் ஸ்டார்ட் வேலை செய்யணும்னா அந்த சுவிட்சையே பைபாஸ் பண்ணியாகணும். கம்பெனி வச்ச பாதுகாப்பை எடுத்துட்டுத்தான் இந்த வசதி உள்ள வருது. இன்ஜின் பிடிச்சுட்டா வண்டி ஓடவே ஆரம்பிக்கும். பத்து வருஷமா தேஞ்ச ஹேண்ட் பிரேக் அதைப் பிடிச்சு நிறுத்தும்னு எந்த மெக்கானிக்கும் எழுதிக் கொடுக்க மாட்டார். வீட்டு வாசல்ல நிறுத்தின வண்டிக்கு முன்னாடி பொதுவா யார் விளையாடிட்டு இருப்பாங்கன்னு நான் சொல்லத் தேவையில்லை.

நல்ல கிட்ல இதுக்கு ஒரு முறை வச்சிருக்காங்க. வண்டியை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்ஜின் ஓடும்போதே சாவியை எடுத்துட்டு இறங்கி, கதவைச் சாத்தணும். அதுக்கப்புறம்தான் பெட்டி தானா இன்ஜினை நிறுத்தும். அப்படி நிறுத்தினா மட்டும்தான் அடுத்த தடவை ரிமோட்ல ஸ்டார்ட் ஆகும். நடுவுல கதவைத் திறந்தா ரத்து ஆயிடும். கேக்க நல்லா இருக்கு. ஆனா இந்த முறை முழுக்க நம்பி இருக்கிறது கதவு சுவிட்ச், ஹேண்ட் பிரேக் சுவிட்ச் ரெண்டையும்தான். பழைய வண்டியில மொதல்ல கெட்டுப்போறதே இந்த சின்ன சுவிட்சுகள்தான். விலை குறைஞ்ச கிட்ல இந்த முறையே கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 126-வது பிரிவைப் பாருங்க. பொது இடத்துல வண்டியை நிறுத்தி வச்சா, லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்ல இருக்கணும். இல்லைன்னா இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்கணும், அல்லது வண்டி தானா நகராதபடி வேற ஏற்பாடு செஞ்சிருக்கணும். உங்க காம்பவுண்டுக்குள்ள நிக்கிற வண்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனா நம்ம வீரபாண்டியில எத்தனை வீட்டுல காம்பவுண்டுக்குள்ள கார் நிக்குது? பெரும்பாலும் தெருவுலதான். கௌமாரியம்மன் கோயில் திருவிழா நேரத்துல கார் எங்கெங்கயோ நிக்கும். அந்தக் கூட்டத்துல ஆளில்லாத வண்டி தானா ஸ்டார்ட் ஆகி அரை அடி நகர்ந்தாலும், "வேற ஏற்பாடு செஞ்சிருந்தேன்"னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்க தலையில.

இன்சூரன்ஸ்: முக்கியமான விஷயம் இதுதான்

இங்க மூணு விஷயம் இருக்கு.

முதல் விஷயம், ரெண்டாவது சாவி. 2000-த்துக்கு அப்புறம் வந்த நிறைய கார்கள்ல சாவிக்குள்ள சின்ன சிப் இருக்கும். அந்த சிப்பை அடையாளம் கண்டாத்தான் இன்ஜின் ஓடும். இதுக்குப் பேர் இம்மொபிலைசர். ரிமோட்ல ஸ்டார்ட் பண்ணும்போது சாவி உங்க கையில இருக்கும், வண்டியில இருக்காது. அப்போ இம்மொபிலைசரை ஏமாத்தியாகணும். அதுக்குன்னே தனி பைபாஸ் மாட்யூல் இருக்கு. ஆனா செலவைக் குறைக்க சில இடத்துல என்ன செய்றாங்கன்னா, உங்க ரெண்டாவது சாவியையோ அதுக்குள்ள இருக்கிற சிப்பையோ டேஷ்போர்டுக்கு அடியில டேப் சுத்தி ஒட்டிடுறாங்க. வண்டி இனி எப்பவும் "சாவி உள்ளதான் இருக்கு"ன்னு நினைச்சுக்கும். திருட வர்றவனுக்கு பாதி வேலை மிச்சம்.

கார் திருடு போனா இன்சூரன்ஸ் கம்பெனி கேக்குற பட்டியல்ல எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி. கூடவே ரெண்டு ஒரிஜினல் சாவியும் இருக்கும். ஒண்ணு உங்க கையில. இன்னொண்ணு வண்டியோடவே போயிருக்கும். "சாவியை வண்டியிலயே வச்சிருந்தீங்க, ஜாக்கிரதையா இல்லை"ன்னு கிளைமை மறுக்க இதைவிட நல்ல காரணம் அவங்களுக்குக் கிடைக்காது. 2023-ல அசோக் குமார் வழக்குல, சாவி வண்டியிலயே இருந்தப்போ திருடு போன லாரிக்கு 75 சதவீதம் தரணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. நல்ல தீர்ப்புதான். ஆனா கவனிங்க. முழுத் தொகை கிடைக்கல, அந்த முக்கால் பங்குக்கும் டெல்லி வரைக்கும் போராட வேண்டி இருந்துச்சு. உங்க ரெண்டு லட்ச ரூபாய் காருக்கு நீங்க டெல்லி வரைக்கும் போவீங்களா?

ரெண்டாவது விஷயம், தீ. பழைய காரோட வயர் இன்சுலேஷன் வெயில்ல வெந்து இறுகி, தொட்டா உதிர்ற நிலையில இருக்கும். அதுல செல்ஃப் மோட்டார் லைனையும் இக்னிஷன் லைனையும் வெட்டி, முறுக்கி, டேப் சுத்தினா அந்த ஜாயின்ட் சூடாகும். தீ விபத்து உங்க முழு பாலிசியில கவர் ஆகுற விஷயம்தான். ஆனா சர்வேயர் வந்து பாக்கும்போது கம்பெனி வயரிங்ல கை வச்சிருக்குன்னு தெரிஞ்சா கேள்வி ஆரம்பிச்சிடும். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருக்கீங்களா? அப்போ கேள்வியே இல்லை, உங்க காருக்கு ஒரு ரூபாயும் வராது. பழைய கார் வச்சிருக்கிறவங்கள்ல நிறைய பேர் பிரீமியம் குறையும்னு தேர்டு பார்ட்டியோட நிறுத்திடுறாங்க. அவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

மூணாவது விஷயம், "இதைப் போட்டா இன்சூரன்ஸ் டிஸ்கவுன்ட் கிடைக்கும்"னு சொல்லி விக்கிறது. மோட்டார் டாரிஃப்ல ஏ.ஆர்.ஏ.ஐ. சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு, சொந்தச் சேத பிரீமியத்துல 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி வச்சிருந்தாங்க. அது சான்று பெற்ற கருவிக்கு. ஆன்லைன்ல வாங்குற ரிமோட் ஸ்டார்ட் பெட்டிக்கு இல்லை. சொல்லப்போனா நடைமுறை நேர் எதிர். கம்பெனி விலையில சேராத எலக்ட்ரானிக் பொருளை வண்டியில மாட்டினா, அதோட மதிப்புல 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில சேர்க்கணும். 8,000 ரூபாய் பொருளுக்கு 320 ரூபாய். சேர்த்தாலும், அந்தப் பொருள் தானா பழுதானா பணம் கிடைக்காது.

இப்போ கணக்கு

உதாரணத்துக்கு இப்படி வச்சுக்குவோம். கிட் 8,000, மாட்டுற கூலி 3,000. மொத்தம் 11,000.

தினம் 8 நிமிஷம், மாசம் 25 நாள் நின்ன இடத்துலயே ஏசியோட ஓடுதுன்னா 200 நிமிஷம், அதாவது மூணேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. மணிக்கு 1 லிட்டர் குடிக்குதுன்னு எடுத்தா, பெட்ரோல் 100 ரூபாய்னு போட்டா, மாசம் ஏறக்குறைய 330 ரூபாய். வருஷம் 4,000. மூணு வருஷத்துக்கு 12,000.

அப்புறம் பேட்டரி. ரிமோட் சிக்னலுக்காக அந்தப் பெட்டி 24 மணி நேரமும் முழிச்சிட்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-ஹவர். மூணு வாரம் வண்டியை எடுக்காம விட்டா 10 ஆம்பியர்-ஹவர் போயிருக்கும். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில அது கால் பங்குக்கு மேல. வாரத்துக்கு ஒருநாள் தேனி வரைக்கும் மட்டும் போயிட்டு வர்ற காருக்கு பேட்டரி சீக்கிரமே கை விரிக்கும். ஒரு பேட்டரியை முன்கூட்டியே மாத்த 4,500 சேர்த்துக்குங்க.

மூணு வருஷத்துக்கு மொத்தம் 27,500 ரூபாய். உங்க காரோட ஐ.டி.வி. 1,80,000-ன்னா, காரோட மதிப்புல 15 சதவீதம். வண்டி அஞ்சு வருஷம் தாண்டிட்டா ஐ.டி.வி.க்கு நிலையான அட்டவணை கிடையாது, நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றதுதான். ஆனா எவ்வளவு பேசினாலும் ரிமோட் ஸ்டார்ட்டுக்காக யாரும் கூட்டித் தர மாட்டாங்க. விக்கும்போதும் அப்படித்தான். வாங்க வர்றவர் கூட ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டிட்டு வந்தா, டேஷ்போர்டுக்கு அடியில எட்டிப் பாத்துட்டு "வயரிங்ல கை வச்சிருக்காங்க"ன்னு விலையைக் குறைக்கத்தான் செய்வார்.

இன்னொரு செலவையும் ஞாபகம் வைங்க. 2012 வண்டிக்கு 2027-ல 15 வருஷம் முடியுது. ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600-ல இருந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் பண்ற செலவு தனி. அந்த 11,000 அங்க தேவைப்படும்.

"என் காசு, என் ஆசை"

நியாயமான வாதம். எல்லாத்தையும் லாப நட்டம் பாத்து வாங்க முடியாது. சினிமாவுக்குப் போறதுக்கு யாரும் ரிட்டர்ன் கணக்கு போடுறதில்லை. ஆசைக்கு வாங்குறதுன்னா ஆசைக்குன்னு சொல்லி வாங்குங்க. "காரோட மதிப்பு கூடும்", "சேஃப்டிக்காக"ன்னு நமக்கு நாமே சொல்லிக்க வேண்டாம்.

சிலருக்கு இது நிஜமான தேவை. வீட்டுல டயாலிசிஸ் போயிட்டு வர்றவங்க, வெயில் தாங்காத பெரியவங்க இருக்காங்க. வண்டி ஆட்டோமேட்டிக். அப்போ நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா இதைக் கேட்டு வாங்குங்க:

1. 'பார்க்' தவிர வேற எதுலயும் ஸ்டார்ட் ஆகக்கூடாது. கடைக்காரர் கண் முன்னாடியே கதவைத் திறந்து வச்சு, லிவரை மாத்தி சோதிச்சுக் காட்டணும். பிரேக்கை மிதிச்சதும் இன்ஜின் நிக்கணும்.
2. பானட் சுவிட்ச் கட்டாயம். பானட் திறந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆச்சுன்னா மெக்கானிக்கோட விரல் போயிடும்.
3. ரிமோட் ரோலிங் கோடு வகையா இருக்கணும். ஒரே கோடை திரும்பத் திரும்ப அனுப்புற ரிமோட்டை, சிக்னலைப் பதிவு பண்ணி இன்னொருத்தன் ஓட்டிட்டுப் போயிடலாம்.
4. இம்மொபிலைசருக்குத் தனி பைபாஸ் மாட்யூல். ரெண்டு சாவியும் எண்ணி உங்க கைக்கு வரணும்.
5. வண்டிக்கு ஏத்த சாக்கெட் வச்ச வயர் செட். வயரை வெட்டக்கூடாது. பெட்டிக்குத் தனி ஃபியூஸ்.
6. டீசல் வண்டின்னா ஹீட்டர் பிளக் சூடாகுற வரைக்கும் காத்திருந்து செல்ஃப் அடிக்கிற வசதி இருக்கணும். கார்ப்பரேட்டர் வண்டிக்கு சோக்கை இழுக்க ஆள் வேணும். அதுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.
7. பில். கருவிக்கும் மாட்டுற கூலிக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. பில். நாளைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகணும்னா அதுதான் முதல் ஆதாரம். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்கு அங்க கட்டணம் கிடையாது. பில் இல்லைன்னா வழக்கும் நிக்காது.
8. மாட்டின வாரமே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவிங்க. பதிலை பத்திரமா வைங்க.

ஒரு எச்சரிக்கை. நாலு பக்கமும் சுவர் வச்ச ஷெட்டுக்குள்ள நிக்கிற காரை ரிமோட்ல ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஷெட்டுக்கு மேல படுக்கையறை இருக்கிற வீடுகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

மத்தவங்களுக்கு: கண்ணாடிக்கு ஒரு சன் ஷேடு வாங்குங்க, சில நூறு ரூபாய்தான். ஏறினதும் நாலு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டிட்டு, அப்புறம் ஏசி போடுங்க. சூடான காத்து வெளிய போன பிறகு ஏசிக்கு வேலை பாதிதான்.

உண்மையில காசு கொடுக்க வேண்டிய ரிமோட்

நம்ம பள்ளத்தாக்குல ரிமோட் ஸ்டார்ட்டுக்கு அருமையான வேலை ஒண்ணு இருக்கு. அது தோட்டத்துல. பம்புசெட்டுக்கு மாட்டுற மொபைல் ஸ்டார்ட்டர்.

விவசாயத்துக்கு இங்க கரண்ட் இலவசம்தான். ஆனா மும்முனை மின்சாரம் வர்ற நேரம் நம்ம கையில இல்லை. ராத்திரியில வந்தா, வாழைக்குத் தண்ணி விட டார்ச் லைட்டோட வரப்புல நடக்கணும். பாம்பு இருக்கும். ஈரக் கையோட ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடணும். இந்த நடையைக் குறைக்கிற கருவிக்கு நான் கணக்கே கேக்க மாட்டேன். ஆனா கணக்கும் ஒத்துவருது.

தோட்டம் 3 கிலோமீட்டர் தூரம். போட ஒருதரம், நிறுத்த ஒருதரம். ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கிற பைக்ல 27 ரூபாய். மாசம் 20 நாள்னா 530 ரூபாய் சொச்சம். சிம் ரீசார்ஜ் 150 கழிச்சா, மிச்சம் 380. கருவி 9,000-ன்னா ரெண்டு வருஷத்துல போட்ட காசு வந்துடும். வேளாண் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியம் கொடுக்குது. சிறு, குறு விவசாயிகளுக்கு பாதி வரைக்கும் கிடைக்கும், அதுக்கு உச்சவரம்பும் உண்டு. பாதி கிடைச்சா ஒரே வருஷம். வாங்கிட்டுப் போய் மானியம் கேக்காதீங்க. முதல்ல விண்ணப்பம், அப்புறம்தான் கொள்முதல்.

வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க. தண்ணி வத்தினா தானா நிக்குதா, ஒரு பேஸ் போனா மோட்டாரை நிறுத்துதா? காயில் ஒருதரம் எரிஞ்சா ரீவைண்டிங் செலவுல கருவியோட விலை போயிடும். அடுத்து, 2ஜி மட்டும் எடுக்கிற கருவியா, 4ஜி-யா? ஜியோ சிம் 2ஜி கருவியில வேலை செய்யாது. மூணாவது, நீங்க பதிவு பண்ணின நம்பர்ல இருந்து வந்தா மட்டும்தான் மோட்டார் ஓடணும்.

காருக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கயும் பொருந்தும். மோட்டார் கிட்ட ஆள் வேலை பாக்கும்போது மெயினை ஆஃப் பண்ணி ஃபியூஸ் கேரியரைக் கழட்டிக் கையில வச்சுக்கணும். வீட்டுல இருந்து யாராவது போனை அமுக்கினா கிணத்துல இறங்கினவருக்குத் தெரியாது.

ஆக, ரிமோட்ங்கிறது நீங்க போக முடியாத தூரத்துல இருக்கிற வேலைக்கு. பத்தடி தூரத்துல வாசல்ல நிக்கிற காருக்கு 27,500 ரூபாய் ரொம்ப அதிகம்ங்கிறது என் கருத்து. உங்க வண்டியில ஏற்கனவே போட்டிருந்தா, இந்த வாரமே ரெண்டு சாவியும் வீட்டுல இருக்கான்னு எண்ணிப் பாருங்க. இல்லைன்னா மாட்டின கடைக்குப் போய் டேஷ்போர்டைக் கழட்டச் சொல்லுங்க.

மாத்துக் கருத்து இருந்தா கமெண்ட்ல எழுதுங்க. பாலிசி நம்பர், வண்டி நம்பர் மட்டும் பொதுவுல போட்டுடாதீங்க. அடுத்த வீடியோவுல பழைய காருக்கு முழு இன்சூரன்ஸ் எத்தனை வருஷம் வரைக்கும் எடுக்கலாம்னு கணக்கோட பாப்போம்.